பேர் மாறியது, சாவி மாறவில்லை: ஜிம்பாப்வே ரொடீசியாவை ஏன் யாருமே அங்கீகரிக்கவில்லை?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். 1979ல் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) கறுப்பர்களும் பெருவாரியாக ஓட்டுப் போட்ட தேர்தல் நடந்தது, ஒரு கறுப்பின பிஷப் பிரதமரானார், நாட்டின் பேரே ‘ஜிம்பாப்வே ரொடீசியா’ என்று மாறியது. இவ்வளவு நடந்தும் உலகத்தில் ஒரு நாடுகூட அதை அங்கீகரிக்கவில்லை, ஆறரை மாதத்தில் கலைந்தும் போனது. பெரும்பான்மையோர் ஆட்சிதானே வேண்டும் என்றார்கள், வந்த பிறகு ஏன் ஏற்கவில்லை, இது அநியாயமில்லையா, அல்லது அது வெறும் பொம்மை அரசா என்பது உங்கள் கேள்வி. கூடவே, பறவை போட்ட அந்தக் கொடியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் ஆப்பிரிக்க வரலாறு நடத்தியவன் நான். கொஞ்சம் விவரமான மாணவர் யாராவது இதே கேள்வியை எழுப்பாமல் ஒரு வருடமும் போனதில்லை. ஆரம்ப காலத்தில் ‘அது பொம்மை அரசுப்பா’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை, ஏன் என்று கீழே புரியும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஷோனா மொழியும் தெரியாது, இந்தபெலெயும் தெரியாது, படித்ததெல்லாம் ஆங்கில ஆவணங்களும் நூல்களும்தான். அதனால் அந்தக் கிராமங்களில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர் மனசில் என்ன இருந்தது என்று நான் சொல்வதை என் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கதையை வேகமாகச் சொல்கிறேன். தெற்கு ரொடீசியா, அதாவது நாம் பேசும் இதே ரொடீசியா, 1923லிருந்து பிரிட்டனின் தன்னாட்சிக் காலனி. தன்னாட்சி என்றால் அங்கே குடியேறிய வெள்ளையர்களின் ஆட்சி என்று படிக்க வேண்டும். பக்கத்திலிருந்த வடக்கு ரொடீசியா 1964ல் ஜாம்பியா என்ற பேரில் சுதந்திரம் பெற்றுவிட்டது. பெரும்பான்மையோர் ஆட்சிக்கு வழி வைக்காமல் உங்களுக்குச் சுதந்திரம் கிடையாது என்று லண்டன் சொல்ல, பிரதமர் இயன் ஸ்மித் 1965 நவம்பர் 11 அன்று தானாகவே சுதந்திரத்தை அறிவித்துக்கொண்டார். மறுநாளே ஐநா பாதுகாப்பு சபை, இதை யாரும் அங்கீகரிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அப்புறம் பொருளாதாரத் தடை. 1969ல் வந்த நிலச் சட்டம் வெள்ளையருக்கு நாலரைக் கோடி ஏக்கர், கறுப்பருக்கு நாலரைக் கோடி ஏக்கர் என்று ‘சமமாக’ப் பிரித்தது, மக்கள்தொகையில் வெள்ளையர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சமத்தின் லட்சணம் தெரியும். எழுபதுகளில் கெரில்லாப் போர் சூடுபிடித்தது. 1975ல் மொசாம்பிக் சுதந்திரம் பெற்றதும் கிழக்கு எல்லை முழுக்கத் திறந்துகொண்டது. அதுவரை தாங்கிப் பிடித்த தென்னாப்பிரிக்காவே கையை உதற ஆரம்பித்தது. அமெரிக்க வெளியுறவு மந்திரி கிஸ்ஸிஞ்சர் வந்து பேசி, 1976 செப்டம்பரில் ஸ்மித்தின் வாயாலேயே ‘இரண்டு வருடத்தில் பெரும்பான்மை ஆட்சி’ என்று சொல்ல வைத்தார்.

ஸ்மித் அந்த வாக்கைத் தன் வழியில் நிறைவேற்றப் பார்த்தார். அதுதான் 1978 மார்ச் 3ல் கையெழுத்தான உள்நாட்டு உடன்பாடு. கையெழுத்துப் போட்டவர்கள் ஸ்மித், பிஷப் ஏபல் முசோரேவா, பாதிரியார் என்டபானிங்கி சித்தோலே, பழங்குடித் தலைவர் ஜெரமையா சிராவ். போடாதவர்கள் யார் என்பதுதான் முக்கியம்: மொசாம்பிக்கில் இருந்த ராபர்ட் முகாபேயும் ஜாம்பியாவில் இருந்த ஜோஷுவா என்கோமோவும். காட்டில் துப்பாக்கி தூக்கிய படைகள் இரண்டும் இந்த இருவரிடம்தான் இருந்தன. சண்டை போடுகிறவனை வெளியே நிறுத்திவிட்டு, வீட்டுக்குள்ளேயே சமாதானம் பேசி முடித்த கதை இது.

இனி உங்கள் கேள்விக்குள் போகலாம். அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தேர்தல் ஒழுங்காக நடந்ததா என்பது ஒன்று. ஜெயித்தவர் கைக்கு என்ன வந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்வியைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது, அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

நாடாளுமன்றத்தின் கீழவையில் 100 இடம். கறுப்பருக்கு 72, வெள்ளையருக்கு 28. நூற்றுக்கு மூன்று நான்கு பேராகச் சுருங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு 28 இடம் என்பதே பெரிய சலுகை, ஆனால் சூட்சுமம் அதில் இல்லை. அரசியலமைப்பின் முக்கியமான பிரிவுகளைத் திருத்த 78 ஓட்டு வேண்டும் என்று வைத்தார்கள். கறுப்பு உறுப்பினர் எழுபத்திரண்டு பேரும் ஒருவர் விடாமல் கை தூக்கினாலும் ஆறு ஓட்டு குறையும். அந்த ஆறை வெள்ளையரிடம்தான் கேட்டுப் பெற வேண்டும். ஐந்து இடமாவது வைத்திருக்கும் கட்சிக்கு விகிதப்படி மந்திரி பதவி தர வேண்டும் என்றும் இருந்தது, அதனால் ஸ்மித்தின் ரொடீசிய முன்னணி கட்சி தோற்றாலும் அமைச்சரவையில் உட்காரும். ராணுவம், போலீஸ், நீதித்துறை, அரசு ஊழியர் நியமனம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆணையங்கள். அவற்றில் உட்காரத் தேவையான பணி அனுபவம் அதுவரை வெள்ளையருக்கு மட்டுமே கிடைத்திருந்தது. ஆக, பிரதமர் நாற்காலி மாறியது, அதைச் சுற்றியிருந்த எதுவும் மாறவில்லை. நம் ஊரில் சொல்வதென்றால், பத்திரம் பேர் மாற்றி எழுதியாயிற்று, சாவிக்கொத்து மட்டும் பழைய வீட்டுக்காரர் இடுப்பிலேயே இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் பெரும்பாலும் அதற்குள் நீக்கப்பட்டிருந்தன, நிலச் சட்டம் உட்பட. சட்டப்படி ஒரு கறுப்பர் எங்கே வேண்டுமானாலும் பண்ணை வாங்கலாம். வாங்குவதற்குப் பணம் எங்கே என்று சட்டம் கேட்காது அல்லவா.

இப்போது தேர்தல். 1979 ஏப்ரல் 17 முதல் 21 வரை ஐந்து நாள் நடந்தது. முசோரேவாவின் ஐக்கிய ஆப்பிரிக்க தேசிய கவுன்சில் 72ல் 51 இடம் பிடித்தது. சித்தோலே கட்சிக்கு 12, பழங்குடித் தலைவர் கயீசா என்டிவேனியின் கட்சிக்கு 9. வெள்ளையருக்கான 28ம் ரொடீசிய முன்னணிக்கே. வாக்குப்பதிவு சுமார் 64 சதவீதம் என்று அறிவித்தார்கள், ஏறக்குறைய 18 லட்சம் பேர். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இந்த 64ஐ வைத்துத்தான் பாதி வாதமும் நடக்கிறது. அந்தத் தேர்தலுக்கு கறுப்பர்களுக்கு வாக்காளர் பட்டியலே கிடையாது. வயது வந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு போட்டு, அதில் எத்தனை பங்கு வந்தது என்று கணக்கிட்டார்கள். நாட்டின் பெரும்பகுதி ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் முள்வேலி போட்ட ‘பாதுகாக்கப்பட்ட கிராமங்களில்’ அடைபட்டிருந்தார்கள். ஓட்டுப் போடச் சொல்லி ஒரு பக்கம் துப்பாக்கி, போடாதே என்று இன்னொரு பக்கம் துப்பாக்கி. பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி அனுப்பிய பாய்ட் பிரபு குழு, அந்தச் சூழலில் முடிந்தவரை நேர்மையாகவே நடந்தது என்று அறிக்கை கொடுத்தது. நேரில் பார்த்த வேறு சிலர், இதற்குத் தேர்தல் என்று பேர் வைப்பதே தப்பு என்றார்கள். எண்ணிக்கையில் பெரிய தில்லுமுல்லு நடந்ததாக நான் நினைக்கவில்லை. எவ்வளவு பேர் தாமாக வந்தார்கள், எவ்வளவு பேர் லாரியில் ஏற்றி வரப்பட்டார்கள் என்பது இன்றுவரை வாதத்துக்குரிய விஷயம்தான்.

ஆனால் முசோரேவாவை ஒன்றுமில்லாதவர் என்று ஒதுக்குவது வரலாறு தெரியாத பேச்சு. மெதடிஸ்ட் பிஷப். 1971 கடைசியில் பிரிட்டனும் ஸ்மித்தும் தமக்குள் ஒரு சமரசம் செய்து, அதைக் கறுப்பர்கள் ஏற்கிறார்களா என்று பார்க்க பியர்ஸ் பிரபு தலைமையில் ஆணையம் அனுப்பியபோது, மற்ற தலைவர்களெல்லாம் சிறையிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஊர் ஊராக ‘வேண்டாம்’ என்று சொல்ல வைத்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான். 1972ல் ஆணையமும் ‘மக்கள் ஏற்கவில்லை’ என்றே எழுதியது. அந்த நல்ல பேர் 1979லும் அவரிடம் மிச்சமிருந்தது. அதோடு அவர் மக்களுக்குக் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: நான் வந்தால் சண்டை நிற்கும்.

நிற்கவில்லை. அவர் சாய்ந்தது இங்கேதான். ஜூன் 1ல் நாடு பிறந்தது. ஜோசையா குமேடே ஜனாதிபதி, முசோரேவா பிரதமர், பாதுகாப்புத் துறையும் அவரிடமே. நிதி மந்திரி டேவிட் ஸ்மித், படைகளின் தளபதி பீட்டர் வால்ஸ், இலாகா இல்லாத மந்திரியாக இயன் ஸ்மித்தும் உள்ளே. பொதுமன்னிப்பு அறிவித்துப் பார்த்தார்கள், காட்டிலிருந்து வந்து சரணடைந்தவர்கள் சொற்பம். ஜூலையில் அரசுப் படையே சித்தோலேக்கு விசுவாசமான துணைப்படைக்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது, அவர்களும் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்ட கட்சிக்காரர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். செப்டம்பரில் மொசாம்பிக்குக்குள் புகுந்து தாக்குதல். அக்டோபரில் ஜாம்பியாவில் சாம்பேஷி ஆற்றுப் பாலங்களைத் தகர்த்தார்கள், தான்சானியா வழியே கடலுக்குப் போகும் ரயில் பாதை அறுந்தது. நவம்பரில் ஜாம்பியாவுக்குப் போகும் மக்காச்சோளத்தையும் தடுத்தார்கள். எல்லாம் சமாதானம் தருவேன் என்ற பிஷப்பின் கையெழுத்தில். அவராகத் திட்டம் போட்டாரா, தளபதிகள் நீட்டியதில் கையெழுத்திட்டாரா என்று கேட்டால், இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம், ஆனால் குண்டு விழுந்த இடத்தில் இருப்பவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

சரி, அங்கீகாரம். பாடப் புத்தகத்தில் 1933 மொண்டேவீடியோ ஒப்பந்தப்படி ஒரு நாட்டுக்கு நான்கு அடையாளம் சொல்வோம்: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு வைக்கும் தகுதி. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ரொடீசியா 1965லிருந்தே தேறிவிடும், மாணவர்கள் குழம்புவதும் இங்கேதான். அந்த நான்குக்கு மேலே இன்னொன்று அதற்குள் உருவாகியிருந்தது: மக்களின் சுயநிர்ணய உரிமையை மறித்துக் கட்டப்பட்ட ஆட்சியை அங்கீகரிக்கக் கூடாது என்ற நிலைப்பாடு. 1965 அறிவிப்பு செல்லாது என்றால், அதன்மேல் எழுப்பிய 1979 அரசியலமைப்பும் செல்லாது. பாதுகாப்பு சபை 1978 மார்ச்சிலேயே உள்நாட்டு உடன்பாடு சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. 1979 ஏப்ரல் 30ல், ஓட்டு எண்ணிய சூடு ஆறுவதற்குள், தேர்தலே செல்லாது என்றும் தீர்மானித்தது. பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் மூன்றும் அதை ஆதரிக்கவில்லை, ஆனால் வீட்டோ போட்டுத் தடுக்கவும் இல்லை. இதேபோல தென்னாப்பிரிக்கா 1976ல் தன் எல்லைக்குள்ளேயே கறுப்பருக்கென்று ஒதுக்கிய டிரான்ஸ்கை பகுதியைச் ‘சுதந்திர நாடு’ ஆக்கியபோதும், 1978 டிசம்பரில் தன் பிடியிலிருந்த நமீபியாவில் தனக்கு வேண்டியபடி ஒரு தேர்தல் நடத்தியபோதும் உலகம் இப்படித்தான் நடந்துகொண்டது. முசோரேவாவுக்கு மட்டும் ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது.

சட்டம் இப்படியென்றாலும், அரசியல் வேறு பக்கம் சாயப் பார்த்தது உண்மை. மே 3ல் நடந்த பிரிட்டன் தேர்தலில் கன்சர்வேட்டிவ் தலைவர் தாட்சர் ஜெயித்தார், அவர் கட்சியில் பலருக்கு முசோரேவாவை உடனே அங்கீகரிக்க ஆசை. அமெரிக்க செனட் மே மாதமே தடையை நீக்கச் சொல்லி 75க்கு 19 என்று ஓட்டளித்தது. ஜனாதிபதி கார்ட்டர் ஜூனில் மறுத்துவிட்டார். ஜூலைத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா போன தாட்சர், நவம்பரில் காலாவதியாகும் தடைகளை மறுபடி நாடாளுமன்றம் நீட்டிக்குமா என்பதே சந்தேகம் என்று பேசினார். அப்படியே விட்டிருந்தால் அங்கீகாரம் நடந்திருக்கவும் கூடும். மாற்றியவை இரண்டு என்பேன். வெளியுறவு மந்திரி காரிங்டன் பிரபு பொறுமையாகச் சொன்ன கணக்கு ஒன்று: நாம் அங்கீகரித்தால் நாம் மட்டும்தான் அங்கீகரிப்போம், போரும் நிற்காது, காமன்வெல்த்தும் உடையும். இன்னொன்று நைஜீரியா, ஆகஸ்ட் முதல் வாரம் லுசாகாவில் காமன்வெல்த் மாநாடு கூடும் நேரம் பார்த்து, தன் நாட்டிலிருந்த பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனத்தின் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அந்த மாநாட்டில் தாட்சர் ஜாம்பிய ஜனாதிபதி கவுண்டாவோடு நடனமாடிய படம்தான் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. நிஜமாக நடந்தது அதைவிடப் பெரிது: 1979 அரசியலமைப்பில் கோளாறு இருக்கிறது, பிரிட்டன் பொறுப்பில் எல்லாக் கட்சியும் கலந்துகொள்ளும் புதுத் தேர்தல் வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 10ல் லண்டன் லான்காஸ்டர் ஹவுஸில் பேச்சு தொடங்கியது. பிரதமர் முசோரேவா ஒரு பக்கம், முகாபேயும் என்கோமோவும் இன்னொரு பக்கம். புது அரசியலமைப்பில் வெள்ளையர் இடம் 20 ஆகக் குறைந்தது, தடுக்கும் அதிகாரம் போனது. முசோரேவா ஒப்புக்கொண்டார், அவர் குழுவில் எதிர்த்து நின்றவர் இயன் ஸ்மித் ஒருவர்தான். அடுத்த படி இன்னும் கடினம். பதவியை விட்டு விலகி, புதுத் தேர்தலில் மற்றவர்களைப் போல வரிசையில் நில்லுங்கள் என்று கேட்டார்கள். அதற்கும் சரி என்றார். ஏப்ரலில் 51 இடம் ஜெயித்த ஒரு மனிதர் டிசம்பரில் தானே எழுந்து நாற்காலியை விட்டார் என்பதை அவரைக் கேலி செய்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. டிசம்பர் 11ல் அவர்கள் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி, தன் நாட்டைத் திரும்பவும் பிரிட்டிஷ் காலனியாக்கியது. மறுநாள் சோம்ஸ் பிரபு கவர்னராக வந்து இறங்கினார். அப்போது லண்டனில் உடன்பாடு முழுதாகக் கையெழுத்தாகக்கூட இல்லை, அது டிசம்பர் 21ல்தான். பதினான்கு வருடம் யார் காலனியும் இல்லை என்று அடம்பிடித்த நாடு, கடைசியில் தன் கையாலேயே காலனியாகித்தான் சுதந்திரம் வாங்க வேண்டியிருந்தது.

1980 பிப்ரவரி முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 80 கறுப்பர் இடங்களில் முகாபேக்கு 57, என்கோமோவுக்கு 20, முசோரேவாவுக்கு 3. பத்து மாதத்தில் ஐம்பத்தொன்றிலிருந்து மூன்று. ‘பார்த்தீர்களா, 1979 முடிவு போலி’ என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. முகாபே ஆட்கள் கிராமங்களில் மிரட்டியதால்தான் என்று எதிர்ப்பக்கம் சொல்லும், மிரட்டலும் நடந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தடவை 26 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. முன்பு வராத எட்டு லட்சம் பேர் வந்திருக்கிறார்கள், முன்பு பிஷப்புக்குப் போட்டவர்களிலும் மிகப் பலர் மாறியிருக்கிறார்கள். என் ஊகம் இது: இரண்டு தடவையும் மக்கள் ஒரே விஷயத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள், சண்டை நிற்க வேண்டும். முதல் தடவை நிறுத்துவேன் என்றவருக்கு, இரண்டாவது தடவை நிறுத்தக்கூடியவருக்கு.

அப்படியானால் பொம்மை அரசா? தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் நிஜம், அவர் கையில் அதிகாரம் இல்லை என்பதும் நிஜம். அநியாயமா என்றால், இல்லை என்றே சொல்வேன். அங்கீகரித்திருந்தால் 78 ஓட்டுப் பூட்டோடு போரும் இன்னும் சில வருடம் நீண்டிருக்கும். முகாபே பின்னாளில் செய்ததை வைத்து ‘முசோரேவாவை விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்’ என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். 1983 முதல் நாட்டின் மேற்கே மதபெலெலாந்தில் நடந்த கொலைகளையோ 2000க்குப் பிறகான நிலப் பறிப்பையோ நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் 1979ல் முடிவெடுத்தவர்கள் முன்னால் இருந்தது அந்தப் பிற்காலம் இல்லை, முன்னால் எரிந்துகொண்டிருந்த போர்.

கடைசியாக அந்தக் கொடி. நீங்கள் படத்தில் பார்த்த சிவப்பு, வெள்ளை, பச்சைப் பட்டைகளும், கம்பப் பக்கம் கறுப்புப் பட்டையும், அதில் மஞ்சள் பறவையும் உள்ள கொடியை ஏற்றியது செப்டம்பர் 2ல்தான். அதற்கு முன் மூன்று மாதம் கறுப்பர் அரசின் தலைக்குமேல் பறந்தது ஸ்மித் காலத்துப் பச்சை, வெள்ளை, பச்சைக் கொடி. புதுக் கொடி ஏறிய எட்டாம் நாள் லண்டனில் பேச்சு தொடங்கியது, டிசம்பர் 12ல் இறக்கிவிட்டார்கள். பறவை மட்டும் போகவில்லை. மகா ஜிம்பாப்வே என்ற பழைய கல்நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த சோப்புக்கல் சிற்பம் அது. ஸ்மித் கொடியின் நடுவிலிருந்த சின்னத்திலும் உச்சியில் அதுதான் உட்கார்ந்திருந்தது, இன்றைய ஜிம்பாப்வே கொடியிலும் அதுதான் இருக்கிறது.